அமிஹானுக்காக ஒன்பது நாள்

நன்றி சொல்வதானால் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. 'அனைவருக்கும் நன்றி' என்று எழுதுவது, விருந்து வீட்டு வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கையாட்டுவது மாதிரி. யாரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்கிறவர்கள் ஏற்கெனவே குடித்திருப்பார்கள்.

விசாரணை மேசையில் நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்து, "டீச்சர், நடந்ததை உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சொன்னதும் அதுதான். ஒரு பிள்ளையும் சொந்த வார்த்தையில் எழுதியதில்லை. நான் முயன்று பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் மனைவி எமெரிதா எங்கள் முகநூல் பக்கத்தைப் பின்தொடர்கிறவர். நவநாள் என்கிற அந்த ஒன்பது நாள் ஜெபத்தின் ஐந்தாம் மாலை 'ஆமென், குட்டி தேவதையே' என்று எழுதியிருந்தார். 'நன்றி எமெரிதா, முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது' என்று பதில் போட்டேன். வலி தேவலையா, ஐயா? நீங்கள் கேட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் அவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

எங்கள் அமைப்பின் பெயர் 'சிறு இதயம்'. நெக்ரோஸ் தீவில் இதயக் கோளாறோடு பிறக்கும் பிள்ளைகளைப் பக்கத்துத் தீவான செபுவுக்குக் கப்பலேற்றி அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. நிறுவியவர் அன்செல்மோ வில்யாரின். எங்கள் ஊரான துமகெத்தேயில் மருந்துக்கடை வைத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இந்தச் சொல்லை இங்கே யோசித்துத்தான் போடுகிறேன். நான் சேர்ந்தபோது அமைப்பின் முகநூல் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் அவருடைய பழைய வாடிக்கையாளர்கள். லைக் போடாவிட்டால் மனிதர் வருத்தப்படுவார் என்று போட்டுக்கொண்டிருந்தவர்கள். பக்கம் முழுக்க ஒரே மாதிரிப் படங்கள். நீள மேசை, நூடுல்ஸ் தட்டுகள், மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் ஆண்கள். கீழே 'வெற்றிகரமான கூட்டம்' என்ற வாசகம். எந்தக் கூட்டமும் தோற்றதாக அவர் எழுதியதே இல்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் அமிஹான். என் தங்கை ரொசெண்டாவின் மகள். அவளுக்கு இரண்டு வயதாகும்போது ரொசெண்டா அவளை என்னிடம் விட்டுவிட்டு ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அங்கே அவள் யாருடைய குழந்தையையோ பள்ளிக்கு நடத்திப் போனாள், இங்கே நான் அவளுடையதை நடத்திப் போனேன். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே வருடம்தான் என் கணவர் கிரிசாந்தோ இறந்தார், நானும் ஓய்வு பெற்றேன். வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாமல் போகிற நேரத்தில் பேசியபடியே ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

பிறவியிலேயே அவள் இதயம் கோணலாக இருந்தது. காற்றுக் குறைந்த ரத்தம் உடம்பெல்லாம் ஓடும். உதடும் நகமும் ஊதாக் கிழங்கின் நிறம். ஓடினால், அழுதால், வெயிலில் நின்றால் மூச்சுப் போதாது. அப்போது சட்டென்று குந்திக்கொள்வாள். முட்டிகளை நெஞ்சோடு சேர்த்துக் கைகளால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருப்பாள். சந்தையில், பள்ளி மைதானத்தில், ஒருமுறை நடுச்சாலையில். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்த நோய் உள்ள பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம் அது என்று டாக்டர் சொன்னார்.

"குந்தினா விட்டுடுங்க. ஆனா குந்தியும் நிறம் திரும்பலேன்னா ஒரு நிமிஷம் கூட நிக்காதீங்க டீச்சர். தூக்கி, முட்டிய மடக்கி மாரோட அணைச்சுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. வழியில பேச்சு வேண்டாம்."

நான் இதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ரொசெண்டாவுக்கும் அனுப்பினேன். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமைப்பில் சேர்ந்த மூன்றாம் மாதம் மணிலாவிலிருந்து ஜெரிக்கோ என்ற இளைஞன் எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுக்க வந்தான். கடற்கரை ஓட்டலில் ஒருநாள் வகுப்பு. இருபத்தாறு வயதிருக்கும். சமூக ஊடகத்தில் உறவுகளை வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. அவன் முதல் உறவு எப்போது முறிந்தது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"சார், உங்க பக்கத்துல மேசைதான் இருக்கு. மேசைமேல யாருக்கு சார் பாசம் வரும்?" என்று அன்செல்மோவைப் பார்த்துக் கேட்டான்.

"அது நர்ரா மரத்து மேசை தம்பி. நகராட்சி குடுத்தது."

"ஒரு முகம் வேணும் சார். ஒரே ஒரு முகம். நூறு புள்ளைங்கன்னா அது புள்ளிவிவரம். ஒரு புள்ளைன்னா அது சொந்தம். தினமும் வரணும், கொஞ்சம் கொஞ்சமா வரணும். கேக்காதீங்க, பேசுங்க. பதில் சொல்லாம ஒருத்தரையும் விடாதீங்க. முக்கியமா, கதை முடியறதுக்கு முன்னாடி கூட்டம் சேந்துடணும். கூட்டம் சேராம கதை முடிஞ்சுதுன்னா என்ன பிரயோஜனம்?"

கடைசி வாக்கியத்தை நான் அடிக்கோடிட்டேன். பையன் சொன்ன எல்லாவற்றிலும் அது ஒன்றுதான் இலக்கணச் சுத்தமாக இருந்தது.

அன்று மாலையே அமிஹானைப் படமெடுத்துப் போட்டேன். மாம்பழ ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் ஐஸ், ஊதா உதடு. 'அமிஹான் தைரியசாலி' என்று மட்டும் எழுதினேன். காலையில் பார்த்தால் நாலாயிரம் பேர். முப்பத்தொரு வருடத்தில் நான் பாடம் நடத்திய பிள்ளைகளின் எண்ணிக்கையை அன்று காலை காப்பி குடித்தபடி மனக்கணக்குப் போட்டேன். அதைவிட இது அதிகம். அந்தப் பிள்ளைகளுக்காவது வீட்டுக்கு மணி அடிக்க வேண்டியிருந்தது. இவர்கள் போகவே இல்லை.

அமிஹானுக்கு வாசகம் பிடிக்கவில்லை. அவள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள்.

"தைரியசாலின்னு ஏன் போட்டீங்க பெரியம்மா? எனக்கு ஊசின்னா பயம். பல்லின்னா பயம்."

"பயப்படறவங்கதான் தைரியசாலி."

"அப்ப பல்லிய பாத்து நீங்களும்தான் கத்தறீங்க. உங்க போட்டோவ போடுங்க."

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. நான் ஜெயிக்கப் பார்த்ததும் இல்லை. வாசகத்தை மட்டும் மாற்றவில்லை.

உறவு வளர்ந்தது. ரியாத்தில் நர்ஸாக இருக்கும் தெரெசிதா, சரக்குக் கப்பலில் சமைக்கும் போனிஃபாசியோ, மிலானில் கிழவர் ஒருவரைக் குளிப்பாட்டும் லியோனோர். எல்லோரும் சொந்த வீட்டைத் தொலைவில் விட்டுவிட்டு, கைப்பேசியில் ஒரு வீட்டைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய பிறந்தநாள், பிள்ளைகளின் பெயர், யார் வீட்டுக்காரர் குடிக்கிறார் என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தன. போனிஃபாசியோவின் மனைவிக்கு மறந்துபோன கல்யாண நாள் எனக்கு நினைவிருந்தது. இரண்டு வருடத்தில் எண்பத்து நாலாயிரம் பேர். அன்செல்மோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பெர்பெத்துவா, நம்ம பக்கத்த கப்பல்ல கூட பாக்கறாங்களாமே" என்று என்னிடம் சொன்னார். ஒரு மாதம் கழித்துத் தயங்கித் தயங்கி, "நம்ம கூட்டத்துப் படம் இப்பல்லாம் வரதில்லையே?" என்றார்.

பணத்தைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். ஒரு பெசோவைக்கூட நான் தொட்டதில்லை. உங்கள் ஆட்கள் அமைப்பின் அலமாரியை மூன்று நாள் குடைந்தார்கள், பாவம். அங்கே தேடினால் தூசிதான் கிடைக்கும். நான் எடுத்துக்கொண்டது அலமாரியில் வைக்கக்கூடியதல்ல.

ஆறு மாதத்தில் ஒன்று புரிந்தது. குணமான பிள்ளையோடு யாருக்கும் உறவில்லை. அறுவை முடிந்து கன்னம் சிவந்து நிற்கும் பிள்ளையின் படத்தைப் போட்டால் 'வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு மூட்டையைக் கட்டுவார்கள். மறுநாள் பூனைக்குட்டிப் படம் பார்க்கப் போய்விடுவார்கள். அமிஹானின் உதடு ஒரு படத்தில் வெளிச்சக் கோளாறால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தபோது, 'தேறிட்டா போல' என்று நாலைந்து பேர் எழுதினார்கள். அந்த வாரம் கூட்டம் மெலிந்தது. அதன் பிறகு படமெடுக்குமுன் அவளை மாடிக்கு ஒருமுறை அனுப்பி ஏதாவது எடுத்துவரச் சொல்வேன். இறங்கி வந்ததும் எடுத்தால் நிறம் சரியாக வரும். ஒரே ஒரு மாடிதான், ஐயா. அவளும் கேட்டதில்லை. பெரியம்மாவுக்கு ஞாபகமறதி என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

அறுவைக்கான பட்டியலில் அவள் பெயர் இரண்டு முறை மேலே வந்தது. இரண்டு முறையும் பின்னால் இருந்த பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தேன். சொந்த இரத்தத்தை முன்னால் தள்ளுவது முறையல்ல என்று கூட்டத்தில் சொன்னேன். அன்செல்மோ எழுந்து நின்று கைதட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. படமும் எடுத்தார்கள், மேசையோடு. அதை நான் பக்கத்தில் போடவில்லை.

இந்த வருடம் மட்டும் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் வெளிநாட்டு இதய மருத்துவர் குழு செபுவுக்கு வருகிறது, இதை விட்டால் பொறுப்பு என்னுடையது அல்ல என்றார். சரி என்றேன். நான் எப்போதுமே சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் திரு இருதய ஆண்டவரின் மாதம். இதய நோயாளிப் பிள்ளைக்குத் திரு இருதய ஆண்டவருக்கு நவநாள் எடுப்பது என்ற யோசனை யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அதை ஒன்பது மாலையும் கடலோரச் சிற்றாலயத்திலிருந்து நேரலையில் காட்டலாம் என்பது மட்டும் என்னுடையது. ஆறு மணிக்கு ஜெபம். பலிபீடத்தின் முன்னால் வெள்ளைச் சட்டையில் அமிஹான். தாங்கியில் என் கைப்பேசி. பக்கத்தில் நின்று நான் திரையில் வரும் பெயர்களை வாசிப்பேன். 'ரியாத்திலிருந்து தெரெசிதா நம்மோடு ஜெபிக்கிறார், நன்றி தெரெசிதா.' பெயர் வாசிக்கப்பட்டவர் அங்கே பாலைவனத்தில் அழுவார். அதையும் எழுதி அனுப்புவார்.

நவநாளை நடுவில் அறுக்கக்கூடாது. ஒரு நாள் விட்டாலும் திரும்ப முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும், விட்டவருக்குக் கேட்ட வரம் கிடைக்காது. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் எங்கள் ஊரில் இது தெரியும். உங்களுக்கும் தெரியும். நான் செய்தது எல்லாவற்றையும் அந்த விதியின் மீது வைத்துப் பாருங்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூடக் காட்ட முடியாது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குச் செபுவிலிருந்து நர்ஸ் நெனிதா அழைத்தாள். பிள்ளைகளின் பட்டியலை அந்தப் பக்கம் பார்த்துக்கொள்பவள் அவள். குரலில் ஒரே சந்தோஷம்.

"டீச்சர், முதல்ல உக்காருங்க. நாளன்னைக்கு காலையில முதல் ஆபரேஷன் நம்ம அமிஹானுக்கு. நாளைக்குக் கப்பல்ல வந்துடுங்க."

"நாளைக்கா?"

"ஏன் டீச்சர், துணி காயலையா?" என்று சிரித்தாள். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "சளி இல்லையே? காய்ச்சல் ஏதும் இல்லையே?"

அந்தச் சொல்லை முதலில் எடுத்தவள் நெனிதாதான் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எனக்கு அது தோன்றியிருக்காது.

"லேசா இருக்கு" என்றேன்.

"எவ்ளோ?"

"முப்பத்தெட்டரை."

"அய்யோ டீச்சர். காய்ச்சலோட மயக்க மருந்து குடுக்க மாட்டாங்களே. அடுத்தது மலையூர் ருவெல், அவன கூப்பிட்டுடட்டுமா? நம்ம புள்ளைக்கு நவநாள் முடிஞ்ச மறுநாள், பத்தாம் நாள் பாக்கலாம், யாராவது வராம போனா. பதினொன்னாம் நாள் டீம் கிளம்பிடும்."

"கூப்பிடு, பாவம் அவனும் குழந்தைதானே" என்றேன்.

அமிஹான் அப்போது சற்றுச் சூடாகத்தான் இருந்தாள். ஜூன் மாதத்தில் துமகெத்தேயில் யார் சூடாக இல்லை. ஒன்பதாம் மாலை ஜெபம் முடிந்ததும் கப்பலேறினால் பத்தாம் நாள் செபு. கணக்கு சரியாகத்தான் வந்தது, ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஐந்தாம் மாலையே ஒன்பதாயிரம் பேர் நேரலை பார்த்தார்கள். நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் கப்பலேறியிருந்தால் கதை முடிந்திருக்கும், கூட்டம் சேர்ந்திருக்காது.

கைப்பேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் அமிஹான் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு காய்ச்சலா பெரியம்மா?"

"லேசா."

நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள். கன்னத்தில் வைத்தாள். கையை மாற்றி வைத்தாள். "எனக்குத் தெரியலையே."

"உள்காய்ச்சல். வெளியில தெரியாது."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் சொல்லாமலே போர்வையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மத்தியானம் ரொசெண்டா வீடியோவில் வந்தபோது பெருமையாகச் சொன்னாள், "எனக்கு உள்காய்ச்சல்மா. வெளிய தெரியாத காய்ச்சல்."

"அது என்னடி புதுக் காய்ச்சல்? ஃபோனை பெரியம்மாட்ட குடு. அக்கா, என்னாச்சு? ஆஸ்பத்திரிலேர்ந்து ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இன்னும் சொல்லல. எடம் வரணும்ல. நீ சாயங்காலம் நேரலைக்கு மட்டும் வந்துடு."

"தினம்தான் வரேனே. மேடம் வீட்டுல கறி வெட்டிக்கிட்டே பாக்கறேன். நேத்து அவ பாடறதப் பாத்து விரலையும் சேத்து வெட்டிக்கிட்டேன்."

இருவரும் சிரித்தோம். ரொசெண்டாவோடு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

ருவெலுக்கு ஏழாம் நாள் அறுவை நடந்தது. பிழைத்துவிட்டான். இப்போது சைக்கிளில் கோழி துரத்துகிறானாம். அவன் அம்மா என்னைப் பார்க்க வரவில்லை. ஒரு குழந்தைக்கு உயிர் கொடுத்தேன் என்று உங்கள் கோப்பில் எங்காவது ஒரு வரி இருக்கிறதா? நான் தேடினேன். இல்லை. பரவாயில்லை, நன்றியை எதிர்பார்த்துச் செய்கிறவள் அல்ல நான்.

எட்டாம் நாள் புழுக்கம். காலையிலிருந்து மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு வரவில்லை. ஐந்தரைக்கு மின்சாரம் போயிற்று. சிற்றாலயத்தில் விசிறிகள் நின்றன. மெழுகுவத்திகளை ஏற்றினோம், நாற்பது ஐம்பது. படத்தில் அது மிக அழகாக வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எமெரிதா மூன்று முறை பார்த்ததாக எழுதியிருந்தார்.

அன்று அமிஹான் தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. கிளம்பும்போதே, "பெரியம்மா, இன்னிக்கு வேணாம், மூச்சு சின்னதா வருது" என்றாள். மெதுவாகப் பாடினால் போதும் என்றேன். "மெதுவா பாடினாலும் அதே அஞ்சு சரணம்தானே" என்றாள். அந்தப் பாட்டு ஐந்து சரணம். கணக்கில் அவள் கெட்டி.

முதல் சரணம் நன்றாகப் பாடினாள். திரையின் மூலையில் பதினாலாயிரம் என்று எண் நின்றது. இரண்டாம் சரணத்தின் இரண்டாம் வரியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு குந்திக்கொண்டாள்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில், வெள்ளைச் சட்டையில், பலிபீடத்தின் முன்னால், தலையைக் கவிழ்த்துக் கைகளைக் கட்டிக்கொண்டு. அவளைத் தெரியாத யாருக்கும் அது என்னவாகத் தோன்றும் என்று நீங்களே சொல்லுங்கள். திரையில் எழுத்துகள் பொங்கின. 'பாருங்க, முட்டி போட்டுட்டா.' 'குழந்தை ஜெபிக்குது.' 'நானும் இங்க முட்டி போட்டுட்டேன், சமையலறையிலயே.' இதயங்கள் வரிசை வரிசையாக மேலே மிதந்தன. எண் பதினெட்டாயிரம் ஆயிற்று.

நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். "நம்ம அமிஹான் முட்டி போட்டு ஜெபிக்கிறா. வாங்க, நாமளும் முட்டி போடுவோம்."

சிற்றாலயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முட்டி போட்டார்கள், தலை குனிந்தார்கள். தலை குனிந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. ஜெபத்தில் உள்ள சௌகரியம் அது. மீதிச் சரணங்களை நாங்கள் பாடினோம். ஐந்தையும் பாடினோம். பாதியில் நிறுத்துவது என் வழக்கமில்லை.

ஆமென் சொல்லி நேரலையை முடித்துவிட்டுத்தான் அவளைத் தூக்கினேன். அப்போதும் முட்டியை மடக்கி மாரோடு அணைத்துத்தான் தூக்கினேன், டாக்டர் சொன்னபடி. மூன்று சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம். வழியில் நான் பேசவில்லை. அதுவும் டாக்டர் சொன்னபடிதான். பதினைந்து கிலோகூட எட்டாமல் எப்போதும் லேசாக இருப்பவள், அன்று கனத்தாள். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர் என் கையிலிருந்து அவளை வாங்கினாள். திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள் நேரலை நடந்ததா என்று கேட்டபோது உங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நடந்தது. நவநாளை அறுக்கக்கூடாது. அதே வெள்ளைச் சட்டை, அதே பலிபீடம், மலர்கள் மட்டும் கூடுதல். அறுபதாயிரம் பேர். இறந்தவர்களுக்கும் எங்கள் வழக்கத்தில் ஒன்பது நாள் ஜெபம் உண்டல்லவா. ஒன்றின் ஒன்பதாம் நாளும் மற்றதன் முதல் நாளும் ஒரே மாலையில் அமைந்தன. நான் திட்டமிட்டதல்ல. அன்செல்மோ முன்வரிசையில் குலுங்கிக் குலுங்கி அழுதார். போனிஃபாசியோவின் கப்பலில் சங்கை ஊதினார்களாம்.

நெனிதா அன்று ஒரு கேள்வி எழுதினாள். 'டீச்சர், ஆறாம் நாளும் ஏழாம் நாளும் நல்லா பாடினாளே. காய்ச்சல் எப்ப விட்டுச்சு?' 'நன்றி நெனிதா, உங்கள் சேவையை மறக்க மாட்டோம்' என்று பதில் போட்டேன். அவள் அதோடு விட்டிருக்கலாம். உங்களிடம் வந்திருக்கிறாள்.

அமிஹான் போன நாலாம் நாள் ரொசெண்டா வந்து சேர்ந்தாள். விரலில் இன்னும் கட்டுப் போட்டிருந்தாள். கத்தவில்லை, என்னை அடிக்கவுமில்லை. மகளின் கட்டிலில் உட்கார்ந்து தன் கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எட்டாம் மாலை ஆறு மணி பதினொரு நிமிடத்திலிருந்து எனக்குப் பதினேழு அழைப்புகள். நேரலையின்போது அழைப்பு வந்தால் படம் அறுந்துவிடும், அதனால் எல்லா அழைப்பையும் மறுக்கும்படி நான் வைத்திருந்தேன். அதை அவளுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "அழைப்பு போகலேன்னுதான் எழுதினேன், அக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. உங்களோடு மட்டும் பேசுகிறாள்.

அந்த மாடியிலிருந்து இப்போது எதுவும் எடுத்துவர ஆள் இல்லை. சில சமயம் நானே ஏறுகிறேன். எதற்கு ஏறினேன் என்று மறந்துவிடுகிறது. பெரியம்மாவுக்கு ஞாபகமறதி என்று அவள் சொன்னது உண்மையாகிவிட்டது.

கடைசியாக உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல்நாள் விசாரணையில், திரையில் எழுத்துகள் ஓடும் வேகத்தில் ரொசெண்டா எழுதியதை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். பதினெட்டாயிரம் பேர் எழுதுவதை யார் படிக்க முடியும் என்று நீங்களே எனக்காகச் சொன்னீர்கள். அது மரியாதைதான். ஆனால் என் வேலையைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் கோப்பில் நிற்பது எனக்குச் சம்மதமில்லை. நான் எல்லாவற்றையும் படிப்பேன். அதுதான் என் திறமை.

அவள் எழுதியது இரண்டாம் சரணத்தில் வந்தது. 'அக்கா அவ குந்துறா. பாட்ட நிறுத்து. தூக்கிக்கோ அவள.' இதயங்களுக்கு நடுவில் அது கீழிருந்து மேலே போயிற்று. முழுவதும் படித்தேன். காற்புள்ளி இல்லை, அவள் எப்போதும் போட மாட்டாள்.

காணொளி உங்களிடம் இருக்கிறது. மூன்றாம் சரணம் தொடங்குவதற்கு முன்னால் கேளுங்கள், கொஞ்சம் ஒலியைக் கூட்டி. நான் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சொல்கிறேன். "ஹாங்காங்லேர்ந்து நம்ம ரொசெண்டாவும் நம்மோட ஜெபிக்கிறாங்க. நன்றி, ரொசெண்டா."

அன்று மாலை என்னிடமிருந்து பதில் கிடைக்காதவர் ஒருவர்கூட இல்லை.